அந்தரப்பட்டணத்துக்கு எதற்குக் கிறிஸ்துமஸ்?

கோடு அக்காவுக்குக் கோபம் வந்தால் பென்சில் சீவுவாள். கூராக இருக்கிற பென்சிலையும் எடுத்துச் சீவுவாள். அன்றைக்குக் காலையில் அவள் மேஜைக்குக் கீழே குவிந்து கிடந்த சீவலைப் பார்த்துவிட்டு, பெருக்க வந்த அம்மாள் வாயே திறக்காமல் துடைப்பத்தோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். விவரம் தெரிந்தவள்.

அது குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற பதிப்பகம். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இவர்கள். கடை இயந்திரங்களின் சூடு தரை வழியாக ஏறி வந்து காலைச் சுடும். கோடு அக்கா அங்கே படம் வரைகிறவள். "ஒரு கோடு தப்பினா மூஞ்சியே மாறிப் போயிடும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. பதிப்பகத்துக்குச் சோறு போடுவது அந்தரப்பட்டணக் கதைகள். மேகத்துக்கு நடுவே எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கிற ஒரு ஊர். அங்கே மந்திரவாதிகளும் சூனியக்காரிகளும் குடும்பம் குட்டியோடு வாழ்கிறார்கள். கதை எழுதுகிறவர் எழுத்தாளர் சார். முதல் புத்தகத்திலிருந்து படம் போடுவது இவள்தான்.

புதுப் புத்தகத்தின் நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: 'அன்று கிறிஸ்துமஸ். அந்தரப்பட்டணமே விழாக்கோலம் பூண்டிருந்தது.' அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'இங்கே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பெரிய படம்.'

நியாயமா இது? எழுதுகிறவருக்கு ஒரு வரியில் வேலை முடிந்தது. வரைகிறவள் அந்த ஒரு வரிக்குள் ஒரு ஊரையே கட்ட வேண்டும். தெருவில் என்ன தொங்குகிறது, வாசலில் என்ன இருக்கிறது, கூடி நிற்கிறவர்கள் எதைப் பார்த்துக் கூடி நிற்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொல்லியாக வேண்டும். 'விழாக்கோலம் பூண்டிருந்தது' என்று எழுதிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விடலாம். விழாக்கோலத்தை எப்படி வரைவது?

எழுத்தாளர் சார் வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"சார், அந்தரப்பட்டணத்துல யாரு பொறந்தாங்க?"

"என்னம்மா கேக்கறே?"

"கிறிஸ்துமஸ்னா ஒரு குழந்தை பொறந்த நாளு. உங்க ஊர்ல எந்தக் குழந்தை பொறந்துச்சு? தொழுவம் வரையவா? குழந்தையை வைக்கவா வேணாமா?"

"ஐயையோ, சாமி சமாசாரம் எல்லாம் வேணாம்மா. மரம் வை, நட்சத்திரம் வை, பரிசுப் பொட்டலம் நாலு வை. பசங்களுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்."

"நட்சத்திரம் வைன்னு சொல்றீங்களே, அது எந்த நட்சத்திரம்? குழந்தை இருக்கற இடத்துக்கு வழி காட்டின நட்சத்திரம். குழந்தையே இல்லாத ஊர்ல அது யாருக்கு வழி காட்டுது?"

எழுத்தாளர் சார் முதலாளியம்மாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முதலாளியம்மா கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். ஆனால் கணக்காகத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மணி அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"குளிர்காலத்துல எல்லா ஊர்லயும் ஒரு பண்டிகை இருக்கும்மா. அது மாதிரி வச்சுக்கயேன்" என்றார் அவர்.

"அப்ப அதுக்கு வேற பேரு வைங்க. 'துடைப்பம் கழுவற நாள்'னு மூணாவது புத்தகத்துல நீங்கதானே ஒரு பண்டிகை வச்சீங்க? எவ்வளவு ஜோரா இருந்துச்சு! அவங்களுக்கு வாரத்துல ஒம்பது நாளுன்னு எழுதினதும் நீங்கதான். மாசத்துக்குப் பேரே கிடையாதுன்னு எழுதினதும் நீங்கதான். அங்க டிசம்பர் எந்த வழியா ஏறி வந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சிரிக்காதீங்க சார். சூனியக்காரின்னு பேரு வச்சுப் பொம்பளைங்களைக் கட்டி வச்சு எரிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. கையில வேதப் புத்தகத்தை வச்சுக்கிட்டுத்தான் எரிச்சாங்க. எரிச்சவங்க பண்டிகையை எரிபட்டவங்க எதுக்குக் கொண்டாடணும்? அவங்களுக்குச் சூடு சொரணை கிடையாதா?"

எழுத்தாளர் சார் கெட்டவர் இல்லை. சும்மா மழுப்புகிறவரும் இல்லை. கொஞ்ச நேரம் கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"நம்பிக்கை இருந்தாத்தான் பண்டிகை கொண்டாடணுமா என்ன? வருஷா வருஷம் இந்த ஆபீஸ்ல கேக் வெட்டறோம். இங்க யாரும்மா ஜெபம் பண்ணிட்டு வெட்டறா? நானும்தான் ரெண்டு துண்டு சாப்பிடறேன். பண்டிகைன்னு வந்துட்டா அது எல்லாருக்கும்தானே. யாரு வேணாம்னு சொல்லப் போறா?"

"யாரு வேணாம்னு சொல்லப் போறாங்களா?" கோடு அக்காவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "அப்ப என்னை எதுக்கு சார் கேட்டுக்கு வெளிய நிறுத்தினாங்க?"

முதலாளியம்மா தொலைபேசியை வைத்தாள். இத்தனை வருஷம் ஒரே அறையில் வேலை செய்தும், அலுவலகத்தில் கேக் வெட்டும்போதெல்லாம் கோடு அக்காவுக்குத் தலைவலி வந்து வீட்டுக்குப் போய்விடுவது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவளுடைய அப்பா சர்ச்சில் மணி அடிப்பவராக இருந்தார். டிசம்பர் பிறந்தால் வீட்டுக் கூடத்தில் மூங்கில் குச்சியும் பசையும் கண்ணாடித் தாளுமாக இறைந்து கிடக்கும். கடை நட்சத்திரம் அவர் வாங்கமாட்டார். ஐந்து முனை வைத்துச் சட்டம் கட்டுவது அப்பா, தாள் ஒட்டுவது இவள், உள்ளே பல்பு மாட்டுவது அண்ணன். ஒரு வருஷம் சிவப்புத் தாள் பற்றாமல் போய், ஒரு முனைக்கு மட்டும் நீலத் தாளை ஒட்டினார்கள். அண்ணனுக்கு மானம் போயிற்று. இவளுக்கும் அப்பாவுக்கும் அதுவே பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டு நட்சத்திரத்துக்கு ஒரு முனை நீலம்தான். எந்தக் கோணத்தில் குச்சியைக் கட்டினால் நட்சத்திரம் கோணாது என்று அங்கேதான் அவள் கற்றுக்கொண்டாள். கோடு போடுவதன் முதல் பாடம் அது.

அப்பா போன பிறகு அவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். அவன் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை, வேறு எங்கும் போகிறவனும் இல்லை. இடுப்பில் ஸ்பானரும் முகத்தில் சிரிப்புமாகத் திரிகிற மனுஷன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, எதுவும் நடக்காதது போலக் கேக்கைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. சைக்கிள் மோதிக் கோணிப்போன கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசினான்.

"நீ எங்க விசுவாசமே வேணாம்னுதானே போனே? அப்புறம் உனக்கு எதுக்குக் கிறிஸ்துமஸ்? உன் வீட்டுல நட்சத்திரம் தொங்கினா அது வெறும் காகிதம்."

அம்மா ஜன்னலில் நின்றாள். நின்று பார்த்தாள். வெளியே வரவில்லை. கோடு அக்காவுக்கு அண்ணன் சொன்னதைவிட அந்த ஜன்னல்தான் ஆறாத புண்ணாக இருந்தது. அவள் எதை வேண்டாமென்று சொன்னாள்? ஒருத்தனை வேண்டுமென்று சொன்னாள், அவ்வளவுதானே? அதற்காக அப்பாவோடு உட்கார்ந்து ஒட்டிய நட்சத்திரம்கூட அவளுக்கு இல்லாமல் போய்விடுமா?

அன்றிலிருந்து அவள் வீட்டில் நட்சத்திரம் கிடையாது. டிசம்பரில் சர்ச் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். புருஷன் வருஷம் தவறாமல், "ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்பான். "வெறும் காகிதத்துக்கு என்ன அவசரம்?" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அவன் பயந்துவிட்டான். அவனுக்கு அன்று வார விடுமுறை. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவள் பாத்திரங்களை உருட்டியபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சாமியே இல்லாத சூனியக்காரிங்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் உண்டாம்! வேதத்துல பாதியை மனப்பாடமா வச்சிருக்கேன், எனக்குக் கிடையாதாம்! என் கையாலேயே அவளுங்களுக்கு மரமும் நட்சத்திரமும் வரைஞ்சு குடுக்கணுமாம்! என்னங்க நியாயம் இது?"

"நியாயமே இல்லதான்" என்றான் அவன். பிறகு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "முடியாதுன்னு சொல்லிடேன்" என்றான்.

"சொன்னா? வேற யாரையாவது வச்சு வரைவாங்க. அவன் கூகுள்ல பாத்து ஒரு மரத்தை நட்டுட்டுப் போயிடுவான். என் ஊருங்க அது! ஒவ்வொரு கூரை ஓடும் நான் வேஞ்சது!"

"சரி, அப்ப வரை."

"வரைய மாட்டேன்!"

அவன் பொத்தானைத் தைத்து முடித்துவிட்டு, இதற்கு மேல் இங்கே இருப்பது ஆபத்து என்று காய் வாங்கக் கிளம்பினான்.

கோடு அக்கா அலமாரியிலிருந்து முதல் புத்தகத்தை உருவினாள். இந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு இடமே இல்லை என்பதைக் கதையிலிருந்தே எடுத்துக் காட்டி அந்த மனுஷன் வாயை அடைக்க வேண்டும். அதுதான் அவள் எண்ணம். முதல் பக்கத்தைத் திறந்தாள். அவள் வரைந்த முதல் படம். கீழே பூமியிலிருந்து ஒரு நூலேணி தொங்குகிறது. அதில் சனங்கள் வரிசையாக ஏறுகிறார்கள். சூனியக்காரி என்று சொல்லி ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், தப்பித்து அந்தரப்பட்டணத்துக்கு ஏறி வருகிறார்கள். கதை ஆரம்பிப்பதே அங்கேதான். ஒவ்வொருத்தர் முதுகிலும் ஒரு மூட்டை.

மூட்டைகளை அன்றைக்கு அவள் இறுக்கிக் கட்டித்தான் வரைந்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுத்தாளர் சாரும் எழுதவில்லை, இவளும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள், இதைக் கேட்கத் தவறிவிட்டாள்.

வீட்டை விட்டுத் துரத்தும்போது ஒருத்தி எதை எடுத்துக்கொண்டு ஓடுவாள்? மாற்றுத் துணி எடுப்பாள். குழந்தை இருந்தால் குழந்தையை எடுப்பாள். அப்புறம்? கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் எல்லாம் உள்ளேயே தங்கிவிடுமா? பாட்டு அவள் வாயில் இருக்கிறது. நட்சத்திரம் கட்டுகிற கோணம் அவள் விரலில் இருக்கிறது. அதை எந்த அண்ணன் கேட்டருகே நின்று பிடுங்கி வைத்துக்கொள்ள முடியும்?

எரித்தவர்களின் பண்டிகை என்று காலையில் கத்தினாளே, அது தப்பு. அது எரிபட்டவர்களின் பண்டிகையும்தான். அவர்கள் பிறந்த வீட்டுப் பண்டிகை. துரத்தினவர்கள் அதைத் தங்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்துக்கொண்டார்கள், திருட்டுப் பயல்கள்! அவள் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள்.

கோபம் தீர்ந்து வரைந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தோடுதான் வரைந்தாள். நாலைந்து நாள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அந்தரப்பட்டணத்தின் தெருவில் வாசலுக்கு வாசல் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்ந்தது. ஒருத்தி கூம்புத் தொப்பியைக் கவிழ்த்துத் தொழுவம் செய்திருக்கிறாள். ஒருத்தி கையில் நசுங்கிய சின்ன மணி. ஒரு கிழவர் பாட்டின் பாதி மறந்துபோய் வாயைத் திறந்தபடி நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரி காதில் சொல்லிக் கொடுக்கிறாள். நடுவில், துடைப்பத்தின் மேல் ஏறி நின்று ஒரு சூனியக்காரி நிலைவாசலில் மூங்கில் நட்சத்திரம் மாட்டுகிறாள். அதில் ஒரு முனை நீலம்.

படத்தின் அடியோரத்தில், எங்கோ கீழே பூமியில், ஒரு வீடு. கேட் மூடியிருக்கிறது. அந்தக் கேட்டில் கொடி போல வளைந்த கம்பிகள். சைக்கிள் மோதி வளைந்த ஒரு கம்பி மட்டும் கோணலாக. வாசலில் நட்சத்திரம் இல்லை. ஜன்னலில் ஒரு அம்மா நின்று மேலே பார்க்கிறாள்.

எழுத்தாளர் சார் படத்தின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கீழ் வீடு என் கதையிலயே இல்லையேம்மா."

"உங்க கதையில இல்ல. ஆனா அவங்கள்லாம் அங்கேருந்துதானே வந்தாங்க? நீங்களே சொல்லுங்க, இப்ப அந்தரப்பட்டணத்துல எதுக்குக் கிறிஸ்துமஸ்னு தெரியுதா?"

அவர் தலையை ஆட்டினார். பேனாவை எடுத்துத் தன் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'அன்று கிறிஸ்துமஸ். கீழே கதவடைக்கப்பட்டவர்கள் தங்களோடு கொண்டு வந்த பண்டிகை.' எழுதிவிட்டு நேராக முதலாளியம்மா அறைக்குப் போய், "ராத்திரியெல்லாம் யோசிச்சேம்மா, சட்டுனு தோணுச்சு" என்று பெருமை அடித்துக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் கோடு அக்கா ஒரு பென்சிலை எடுத்துச் சீவினாள்.

புத்தகம் டிசம்பரில் கடைக்கு வந்தது. வந்த சில நாளில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில், அவள் கைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்தாள். மறக்கக்கூடிய எண் இல்லை அது. அண்ணன்.

"ஏய், என்ன வேலை பண்ணி வச்சிருக்க நீ?" எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. "உன் மருமக அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா. நம்ம அப்பா கட்டின நட்சத்திரத்தைப் போயி ஒரு சூனியக்காரி வீட்டுல தொங்க விட்டிருக்கியே, வெக்கமா இல்ல? நம்ம கேட்டை வேற வரைஞ்சு வச்சிருக்க! பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"எங்கண்ணா உன் பேரு போட்டிருக்கு அதுல?"

"பேரு எதுக்கு? அதான் கேட் இருக்கே!"

"கதவை மூடி வச்ச வீடுன்னு ஒரு படம் போட்டேன். நாட்டுல எத்தனையோ வீடு இருக்கு. பாத்த உடனே நம்ம வீடுதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அந்தப் பக்கம் புத்தகத்தின் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சொல்லுண்ணா. எப்படித் தெரிஞ்சுது?"

"சூனியக்காரியோட சேத்து வச்சு..."

"ஆமா, சூனியக்காரிதான்! அவதான் உள்ள வான்னு கூப்பிட்டா. நீ கூப்பிட்டியா?"

யாரோ கைபேசியைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்.

"நீலத் தாளை வலது பக்கமா போட்டிருக்கியே. அது இடது பக்கம்டி."

கோடு அக்கா திறந்த டப்பாவைப் படாரென்று மூடினாள். அம்மாவோடும் சண்டை போட்டாள்.

"அந்தக் கணக்கெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு உனக்கு! ஜன்னல்ல நின்னு பாத்தியே அம்மா. நான் கேக்கைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு எட்டு வந்து கதவைத் திறந்திருக்கலாம் இல்ல?"

அம்மா சாக்குச் சொல்லவில்லை. அழவும் இல்லை.

"திறந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "உன் வீட்டுல நட்சத்திரம் கட்டியிருக்கியா?"

"இல்ல. அது வெறும் காகிதமாம். உன் பிள்ளையைக் கேளு."

"அவன் கிடக்கான். நீ கட்டு. அந்த மாடி வீட்டுல நான் எந்த வாசல்னு கண்டுபிடிச்சு வர்றது?"

கிறிஸ்துமஸ் அன்று காலையில் கோடு அக்காவின் வாசலில் மூங்கில் நட்சத்திரம் தொங்கியது. நீல முனை இடது பக்கம். அம்மா லிஃப்டை விட்டு இறங்கி, நீளமான தாழ்வாரத்தில் வரிசையாக இருந்த கதவுகளைத் தாண்டி, நேராக அதன் கீழே வந்து நின்றாள். நட்சத்திரத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மருமகனின் கன்னத்தை ஒருமுறை தடவினாள். "வாங்க அத்தை" என்று அவன் ஒதுங்கி வழி விட்டான்.

"யாரு கொண்டு வந்து விட்டா?" என்று கோடு அக்கா கேட்டாள்.

அம்மா கையால் கீழே காட்டினாள். கோடு அக்கா பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். சலவைச் சட்டை, கையில் கயிறு கட்டிய கேக் பெட்டி. உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. தலை நரைத்திருந்தது. கேட் திறந்தேதான் கிடந்தது.

புருஷன் பின்னால் வந்து நின்றான். "பாவம்பா, வெயில்ல நிக்கறாரு. நான் போயி கூப்பிடட்டுமா?"

"நிக்கட்டும்" என்றாள் கோடு அக்கா.

உள்ளே போனாள். மேஜையில் தட்டுகளை எடுத்து வைத்தாள். அம்மாவுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பிறகு அலமாரியைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்து, துடைக்கத் தேவையே இல்லாத அதை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"நல்லா நிக்கட்டும். கேட்டுக்கு வெளிய நின்னா எப்படி இருக்கும்னு தெரியட்டும்" என்றாள். "கேக் வெட்டறதுக்கு முன்னாடி போய்க் கூட்டிட்டு வாங்க."